ஒரே கார், இரண்டு கியர்பாக்ஸ்: டூயல் கிளட்ச் எடுப்பதா, மேனுவல் எடுப்பதா?

#1 இரண்டாம்கியர்

இந்தக் கேள்வி பலமுறை பேசப்பட்டிருக்கும். இருந்தாலும் என் நிலைமையைச் சொல்லிக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வருடமாக மேனுவல்தான் ஓட்டுகிறேன். இப்போதுதான் முதல்முறையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் நிலைக்கு வந்திருக்கிறேன். பார்த்து வைத்திருப்பது பின்சக்கர ஓட்டம், இரண்டு இருக்கை, டர்போ இன்ஜின், 380 குதிரைத்திறன். அதே கார் 6 கியர் மேனுவலிலும் கிடைக்கிறது, கிளட்ச் பெடலே இல்லாத 7 கியர் டூயல் கிளட்ச்சிலும் கிடைக்கிறது.

சென்ற வாரம் இரண்டையும் ஒரே நாளில், ஒரே மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தேன். டூயல் கிளட்ச் வேகம். அதில் சந்தேகமே இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலை இழுத்த கணமே அடுத்த கியர் விழுந்துவிடுகிறது, இழுவை அறுவதே இல்லை. வளைவுக்கு நடுவில் கியர் மாற்றினாலும் வண்டி அசையவில்லை. மேனுவலில் அப்படி இல்லை. முதல் அரை மணி நேரம் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்றே பிடிபடவில்லை, இரண்டு இடத்தில் குலுக்கிவிட்டேன்.

ஆனால் அன்று இரவு படுத்த பிறகு மனதில் ஓடியது மேனுவலில் எடுத்த இரண்டு கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் மிதித்தபடியே ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கியபோது லிவர் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. அந்த இரண்டும் அப்படியே ஞாபகம் இருக்கின்றன. டூயல் கிளட்ச்சில் எடுத்த வளைவுகளில் ஒன்றுகூடத் தனியாக நினைவில் இல்லை. பத்து நிமிடம் பேடில் பயன்படுத்தினேன், அப்புறம் அதுவே மாற்றிக்கொள்ளட்டும் என்று ஆட்டோவில் விட்டுவிட்டேன்.

வார இறுதியில் மலைப்பாதை, வருடத்துக்கு மூன்று நான்கு முறை ட்ராக், வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம். எது வேகம் என்பது எனக்குத் தெரியும். ஐந்து வருடம் கழித்து எதை ஓட்ட இன்னும் ஆசை இருக்கும் என்பதுதான் தெரியவில்லை.

#2 மஞ்சள்கோடு

டூயல் கிளட்ச் எடுங்கள். டர்போ இன்ஜினில் கியர் மாற்றும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் அழுத்தம் இறங்கி, மறுபடி ஏறக் காத்திருக்க வேண்டும். டூயல் கிளட்ச்சில் அந்தத் தொல்லையே இல்லை. நெரிசலிலும் கால் தப்பிக்கும். இரண்டு வளைவின் ஞாபகத்துக்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

#3 எண்ணெய்க்கை

கியர்பாக்ஸைப் பிரித்துச் சேர்ப்பதுதான் பதினெட்டு வருடமாக என் வேலை. இரண்டையும் உள்ளே பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஓட்டும்போது எதை உணர்கிறோம் என்பதும் புரியும்.

டூயல் கிளட்ச் என்பது அடிப்படையில் இரண்டு மேனுவல் கியர்பாக்ஸை ஒரே கூட்டுக்குள் வைத்தது. ஒரு ஷாஃப்ட் குழாய் போல உள்ளே வெற்றாக இருக்கும், அதற்குள் இன்னொரு ஷாஃப்ட் ஓடும். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களுக்கு, மற்றது 2, 4, 6 கியர்களுக்கு. நீங்கள் மூன்றாம் கியரில் முடுக்கிக்கொண்டிருக்கும்போதே நான்காம் கியர் தன் ஷாஃப்ட்டில் பொருந்தித் தயாராக இருக்கும், அதன் கிளட்ச் மட்டும் திறந்திருக்கும். பேடிலை இழுத்ததும் ஒரு கிளட்ச் விடுகிறது, அதே நேரத்தில் மற்றது பிடிக்கிறது. கியர் மாற்றும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது கைமாற்றம்தான். இழுவை அறாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த யோசனை புதிதும் இல்லை. அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1939-லேயே காப்புரிமை எடுத்துவிட்டார். ஆனால் இரண்டு கிளட்ச்களையும் அந்த நேர்த்தியோடு இயக்க அன்றைக்கு மின்னணுக் கருவி ஏது? 1980-களில் போர்ஷே தன் பந்தயக் கார்களில் பிடிகே என்ற பெயரில் இதைச் சோதித்தது, 1986-இல் இத்தாலியின் மோன்ஸா ட்ராக்கில் 962 கார் அதனோடு ஜெயித்தது. சாலைக்கு வந்தது 2003-இல், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 மூலம். அப்புறம் வேகமாகப் பரவியது. 2007-இல் நிஸான் ஜிடி-ஆர், 2008-இல் பிஎம்டபிள்யூ எம்3, போர்ஷே 911. 2009-இல் வந்த ஃபெராரி 458-க்கு மேனுவலே கிடையாது.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. அடுத்து எந்தக் கியர் வேண்டும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே ஊகித்து வைத்திருக்கிறது. மூன்றில் முடுக்கிக்கொண்டிருந்தால் நான்கைத் தயார் செய்திருக்கும். நீங்கள் திடீரென்று இரண்டு கேட்டால், தயாராக இருந்ததைக் கழற்றி இரண்டைக் கோத்த பிறகுதான் கைமாற்றம். ஆறிலிருந்து நேரே இரண்டு வேண்டும் என்றால் இன்னும் சிக்கல், இரண்டும் ஒரே ஷாஃப்ட்டில் இருப்பவை. மெக்லாரன் 12சி காரில் பேடிலைப் பாதி அழுத்தினால் அடுத்த கியரைத் தயார் செய்யும் வசதியே வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரின் ஊகத்தைவிட ஓட்டுபவரின் விரல் முன்கூட்டிச் சொன்னால் நல்லது என்று பொறியாளர்களே ஒப்புக்கொண்டதாக நான் அதைப் பார்க்கிறேன்.

அப்புறம், ஈரக் கிளட்ச்சா உலர் கிளட்ச்சா என்று கட்டாயம் கேளுங்கள். உலர் கிளட்ச் சின்ன இன்ஜின்களுக்கு. ஃபோக்ஸ்வாகனின் 7 கியர் உலர் வகை தாங்கும் டார்க் (சுழற்று விசை) 250 நியூட்டன் மீட்டர்தான். நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் உலர் கிளட்ச் சூடேறி அதிர ஆரம்பிக்கும். ஈரக் கிளட்ச் எண்ணெயில் மூழ்கிக் கிடப்பதால் சூடு கரையும், ஆனால் அந்த எண்ணெயைச் சொன்ன கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். என்னிடம் வந்த ஈரக் கிளட்ச் பெட்டிகளில் பாதிக்கு மேல் எண்ணெய் மாற்றாமல் கெட்டவை. தட்டு தேய்ந்த துகள் எண்ணெயில் கலந்து வால்வுத் தொகுதிக்குள் போய்விடும். அதற்குப் பிறகு எண்ணெய் மாற்றிப் பயன் இல்லை.

மேனுவலில் கிளட்ச் தேயும், மாற்றலாம். கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையம் தேயும், மாற்றலாம். இருபது வருடம் கழித்தும் ஒரு நல்ல மெக்கானிக் சரிசெய்துவிடுவார். டூயல் கிளட்ச்சில் கம்ப்யூட்டர் பலகை செத்தால் அந்தப் பலகை கிடைக்க வேண்டும். நீண்ட நாள் வைத்துக்கொள்ள நினைப்பவர் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

#4 கொண்டைஊசி

எண்ணெய்க்கை, தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நான் மேனுவல் பக்கம்.

போர்ஷே 911 ஜிடி3-இல் நடந்ததைப் பாருங்கள். 2013-இல் வந்த ஜிடி3 பிடிகேயில் மட்டும்தான் கிடைத்தது. சுற்று நேரம் குறைந்தது, கார் எல்லா வகையிலும் சிறந்தது. வாங்குபவர்கள் ஏற்கவில்லை. 2016-இல் 911 ஆர் என்று 991 கார்கள் மட்டும் செய்தார்கள், 6 கியர் மேனுவல் மட்டுமே. அடித்துப் பிடித்து வாங்கினார்கள். அடுத்த வருடமே ஜிடி3-க்கு மேனுவல் திரும்பி வந்துவிட்டது.

2021-இல் வந்த 992 தலைமுறை ஜிடி3-ஐ எடுத்துக்கொண்டால், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு பிடிகே 3.4 விநாடி, மேனுவல் 3.9 விநாடி. எடை மேனுவல் 1418 கிலோ, பிடிகே 1435 கிலோ. அரை விநாடி மெதுவான காரை, வேகமான கார் அதே கடையில் இருக்கும்போது, தெரிந்தே கேட்டு வாங்குகிறார்கள். விவரம் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். ட்ராக்கில் ஓட்டுகிறவர்கள்.

வெறும் பழமைப் பற்று என்று இதை ஒதுக்க என்னால் முடியவில்லை. வளைவுக்கு முன் நான்கு வேலைகளை ஒரே மூச்சில் செய்கிறோம். பிரேக், கிளட்ச், ரெவ் (இன்ஜின் சுழலும் வேகம்), லிவர். அதில் ஒன்று பிசகினாலும் வண்டியின் பின்பக்கம் உடனே சொல்லிவிடும். சரியாக வந்தால் அதையும் சொல்லும். இரண்டாம்கியர் படுக்கையில் நினைத்துப் பார்த்தது அதைத்தான்.

#5 மஞ்சள்கோடு

மேற்கோள்: "அரை விநாடி மெதுவான காரை தெரிந்தே கேட்டு வாங்குகிறார்கள்"

வாங்கட்டும். ஆனால் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்றால் யாரும் மேனுவல் எடுப்பதில்லை. ஃபார்முலா 1 முழுக்க டூயல் கிளட்ச்தானே?

#6 எண்ணெய்க்கை

இல்லை நண்பரே, இது பலர் நம்பும் தவறு. ஃபார்முலா 1-இல் பேடில் உண்டு, டூயல் கிளட்ச் கிடையாது. 1989-இல் ஃபெராரி 640 பேடிலோடு வந்து, முதல் பந்தயத்திலேயே, பிரேசிலில், நைஜல் மான்செல் ஜெயித்தார். இன்றைய ஃபார்முலா 1 பெட்டியிலும் கிளட்ச் ஒன்றுதான். அடுத்த கியர் பிடிக்கும் அதே கணத்தில் பழைய கியர் தானாக விடும்படி உள்ளே அமைத்திருப்பார்கள். இரண்டாவது கிளட்ச்சின் எடையைச் சுமக்காமலே இழுவை அறாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா வேகமான ஆட்டோமேட்டிக்கும் டூயல் கிளட்ச் இல்லை. 2011-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5-இல் டூயல் கிளட்ச் இருந்தது. 2017-இல் வந்த அடுத்த எம்5-இல் அதை எடுத்துவிட்டு, திரவம் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த 8 கியர் ஆட்டோமேட்டிக் போட்டார்கள். அந்த வகைப் பெட்டிகள் இப்போது அவ்வளவு வேகமாகிவிட்டன, ஊர்ந்து போகும்போது இன்னும் மென்மை.

#7 சுற்றுநேரம்

ட்ராக் பற்றி நான் சொல்கிறேன். ஒன்பது வருடமாக மேனுவலில் ட்ராக் ஓட்டினேன், கடைசி மூன்று வருடம் டூயல் கிளட்ச்.

மாறியதற்குக் காரணம் ஒரே ஒரு கியர் மாற்றம். நீளமான நேர்ப்பாதை, மூன்றாம் கியர், 7000 ஆர்பிஎம். நான்காம் கியருக்கு லிவரை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். கை களைத்திருந்தது, அந்த நேரத்தில் வண்டி லேசாக வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது, என் கை இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. நான்குக்குப் பதில் இரண்டில் போட்டுவிட்டேன். கிளட்ச்சை விட்டதும் வந்த சத்தத்தை இன்றும் மறக்கவில்லை.

கணக்கு எளிது. மூன்றாம் கியர் விகிதம் 2.0, இரண்டாம் கியர் 3.0 என்று வையுங்கள். 7000-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 10,500 ஆர்பிஎம். ரெவ் லிமிட்டர் காப்பாற்றாது. அது எரிபொருளைத்தான் நிறுத்தும். இங்கே இன்ஜினைச் சுழற்றுவது எரிபொருள் இல்லை, தரையில் உருளும் சக்கரம். வால்வு ஸ்பிரிங்குகளால் அந்த வேகத்துக்கு வால்வை மூட முடியாது, பிஸ்டன் வந்து வால்வை முட்டும். என் இன்ஜின் அன்றோடு முடிந்தது. யார்மேலும் பழி இல்லை, என் கை செய்தது.

டூயல் கிளட்ச்சில் இது நடக்காது. 7000-இல் கியர் இறக்கக் கேட்டால் கம்ப்யூட்டர் மறுத்துவிடும்.

அதற்கு மேல் எனக்குக் கிடைத்தது கவனம். இரண்டு கையும் எப்போதும் ஸ்டியரிங்கில். இடது காலுக்கு வேலை இல்லாததால் அதை பிரேக்குக்குப் பழக்கினேன், சரியாக வர ஒரு வருடம் ஆனது. பிரேக்கை மெல்ல விட்டபடியே வளைவுக்குள் நுழைவதில் இப்போது எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்று தெரிகிறது. முன்பு அதே நேரத்தில் கியருக்காக அந்தக் கவனத்தைச் செலவழித்துக்கொண்டிருந்தேன். டூயல் கிளட்ச் ஓட்டுபவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலை வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ட்ராக்கில் தொடர்ந்து ஓட்டினால் பெட்டியின் எண்ணெய்ச் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஏறினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள்.

#8 இடதுமுழங்கால்

அதிகம் எழுதுவதில்லை, இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எனக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து நான்கு வருடம் ஆகிறது. கனமான கிளட்ச்சை இருபது முறை மிதித்தால் வலி ஆரம்பித்துவிடும். இனி ஸ்போர்ட்ஸ் கார் வேண்டாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். டூயல் கிளட்ச் வந்திராவிட்டால் நான் ஓட்டுவதையே விட்டிருப்பேன்.

மேனுவலை எவ்வளவு நேசித்தேன் என்று சொல்லி முடியாது. பேடிலில் அந்த ஞாபகங்கள் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் அதிகாலையில் வெறிச்சோடிய மலைப்பாதையில், 7000 வரை இன்ஜின் பாட, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து ஏறுகிறேன். எனக்கு அது திரும்பக் கிடைத்தது. மேனுவல் ஓட்டாதவருக்கு ரசனை இல்லை என்று எழுதுபவர்கள் எங்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

#9 கொண்டைஊசி

இடதுமுழங்கால், அப்படி ஒரு தொனி என் எழுத்தில் இருந்திருந்தால் மன்னியுங்கள். நீங்கள் தொடர்ந்து ஓட்டுவது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

#10 இரண்டாம்கியர்

எல்லோருக்கும் நன்றி. சுற்றுநேரம் எழுதியதைப் படித்துவிட்டு டூயல் கிளட்ச் என்று முடிவுகட்டினேன். பிறகு மறுபடி கொண்டைஊசி எழுதியதைப் படித்து மாறினேன். நெரிசல் எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை, இரண்டு நாள்தான். ட்ராக்கும் வருடத்துக்கு நான்கு முறைதான். ஆக, கேள்வி அந்த மலைப்பாதையில் வந்து நிற்கிறது.

#11 பல்சக்கரம்

மலைப்பாதைதான் கேள்வி என்றால், இதுவரை யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். நீங்கள் ஓட்டிய மேனுவலில் இரண்டாம் கியர் எவ்வளவு வேகம் வரை போகிறது? மூன்றாம் கியர்?

கியர்பாக்ஸ் எந்த வகை என்பதைவிட கியர்களின் நீளம்தான், அதாவது ஒவ்வொரு கியரும் எவ்வளவு வேகம் வரை இழுக்கிறது என்பதுதான், பல நேரம் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. மேனுவல் வாங்கி ஏமாந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். லிவர் அருமையாக இருக்கும், பெடல்கள் சரியான இடத்தில் இருக்கும், ஆனால் கியர் மாற்றவே வாய்ப்பு இருக்காது. போர்ஷே 718 கேமன் ஜிடி4-ஐ எடுங்கள். 8000 ஆர்பிஎம் வரை போகும் அற்புதமான இன்ஜின், அற்புதமான மேனுவல். ஆனால் இரண்டாம் கியரே சுமார் 135 கிலோமீட்டர் வேகம் வரை இழுக்கும். பொதுச் சாலையில் இரண்டாம் கியரை முழுதாகப் பயன்படுத்தினாலே தப்பு. மூன்றாம் கியரின் உச்சியை ட்ராக்கில் மட்டும்தான் பார்க்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கம் மாஸ்டா எம்எக்ஸ்-5. இன்றைய தலைமுறை 2 லிட்டர் காரில் 6 கியர், ஆறாவது கியர் விகிதம் சரியாக 1. 7500 ஆர்பிஎம்மில் இரண்டாம் கியர் ஏறக்குறைய 100, மூன்றாம் கியர் ஏறக்குறைய 150. திறனும் குறைவு என்பதால் ஒவ்வொரு வளைவிலும் சரியான கியரில் இருந்தே ஆக வேண்டும். தப்பான கியரில் இருந்தால் வண்டி திணறும், உடனே தெரியும். கியர் மாற்றுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணம் இருந்தால்தான் சுகம்.

உங்கள் 380 குதிரைத்திறன் டர்போ காரில் என்ன நடக்கும்? 2000 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க் வந்துவிடும். மூன்றாம் கியரில் போட்டுவிட்டால் கொண்டை ஊசியைத் தவிர எல்லா வளைவையும் அதுவே சமாளித்துவிடும். அப்படிப்பட்ட காரில் மேனுவல் இருந்தும் அதிகம் பயன் இல்லை. உங்களுக்கு ஞாபகம் நின்றது இரண்டே இரண்டு வளைவுதான் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாதையில் மொத்தம் எத்தனை வளைவு? மீதி வளைவுகளில் நீங்கள் கியரே மாற்றவில்லை என்று சந்தேகப்படுகிறேன்.

டூயல் கிளட்ச்சில் 7 அல்லது 8 கியர் இருப்பதால் கீழ்க் கியர்களைக் குறுக்கி வைக்க முடிகிறது. அதனால் சில கார்களில் டூயல் கிளட்ச் வகையில்தான் கியர் மாற்ற அதிக வேலை இருக்கும். ஒரே பெயர் கொண்ட காரிலும் இரண்டும் வேறு வேறு கார் போல நடப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். அதே பாதையில் மேனுவலை மறுபடி ஓட்டுங்கள், கியர் மாற்றங்களை எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எண்ணச் சொன்னால் இன்னும் நல்லது. அப்புறம் ஒரு லேசான, டர்போ இல்லாத மேனுவல் காரில் அதே பாதையில் எண்ணுங்கள்.

#12 கொண்டைஊசி

பல்சக்கரம் சொல்வது சரி, இதை நான் யோசிக்கவில்லை. இதற்குச் சான்று ஜிடி3-லேயே இருக்கிறது. புதுப்பித்த 992 ஜிடி3-இல் எல்லாக் கியருக்கும் பொதுவான இறுதி விகிதத்தை 8 சதவிகிதம் குறுக்கினார்கள். 2025-இல் அந்தக் காரை மேனுவலிலேயே ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ட்ராக்குக்கு எடுத்துப்போய் 20.832 கிலோமீட்டர் சுற்றை 6 நிமிடம் 56.294 விநாடியில் முடித்தார்கள். முந்தைய ஜிடி3 பிடிகேயோடு அதே தூரத்துக்கு எடுத்தது 6 நிமிடம் 59.927 விநாடி. சஸ்பென்ஷனும் காற்றியக்கமும் மாறியிருக்கின்றன, எல்லாப் புகழும் கியருக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் குறுகிய கியர் கொண்ட மேனுவல் சும்மா அழகுக்கு இல்லை.

கார் வடிவமைப்பாளர் கார்டன் மரேயின் டி.50 காரும் அப்படித்தான். 12,100 ஆர்பிஎம் வரை சுற்றும் வி12, 6 கியர் மேனுவல். சுற்று நேரம் நோக்கமே இல்லை என்று சொல்லித்தான் செய்தார்கள்.

#13 அமைதிமின்சாரம்

மின்சாரக் கார் ஓட்டுபவன், ஒரு வரி மட்டும். என்னுடையது ஹூண்டாய் அயோனிக் 5 N, அதில் கியரே கிடையாது. ஆனாலும் 8 கியர் டூயல் கிளட்ச் போல நடிக்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பேடில் இழுத்தால் ஒரு உதறல், சத்தம், உச்சியில் ரெவ் லிமிட்டர். தேவையே இல்லாத காரிலும் அதைத் தேடிப்போய் வைத்திருக்கிறார்கள். நான் ஓட்டும்போது அதை அணைப்பதே இல்லை. எந்த வேகத்தில் வளைவுக்குள் வருகிறேன் என்பது காதுக்குத் தெரிகிறது.

#14 பல்சக்கரம்

அது நல்ல கவனிப்பு. கியர் என்பது வேகத்துக்கு ஒரு அளவுகோலும் கூட. மூன்றாம் கியரில் இந்தச் சத்தம் என்றால் இந்த வேகம் என்று உடம்புக்கே பழகிவிடுகிறது, மீட்டரைப் பார்க்கத் தேவையில்லை.

#15 இரண்டாம்கியர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பல்சக்கரம் சொன்ன சோதனையைச் செய்தேன். தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணச் சொன்னேன்.

அந்தப் பாதை 14 கிலோமீட்டர். டர்போ மேனுவலில் மொத்தம் 11 முறை கியர் மாற்றியிருக்கிறேன். அதில் எட்டு, நான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கு இறக்கி ஏற்றியது. மீதிப் பாதை முழுக்க மூன்றாம் கியரிலேயே போயிருக்கிறேன், எனக்கே தெரியாமல். பல்சக்கரத்தின் சந்தேகம் சரி.

அப்புறம் ஒரு நண்பரின் பழைய காரை வாங்கி ஓட்டினேன். 1000 கிலோவுக்குச் சற்று மேல், டர்போ இல்லை, 160 குதிரைத்திறன், 6 கியர் மேனுவல். அதே பாதையில் 52. தம்பி நடுவில் எண்ணிக்கையை விட்டுவிட்டான், அதனால் 52-க்கு மேல்கூட இருக்கலாம். மேலே போய்ச் சேர எடுத்த நேரம் அதிகம்தான். ஆனால் இறங்கியதும் இரண்டு பேரும் ஒவ்வொரு வளைவாகப் பேசிக்கொண்டிருந்தோம். "அந்த வேப்பமரத்து வளைவில் நீ ரெவ் போதாமல் இறக்கினாய்" என்றான் தம்பி. அவன் சொன்னது உண்மை. எனக்கும் அது ஞாபகம் இருந்தது.

அதனால் 380 குதிரைத்திறன் காரை விட்டுவிட்டேன், இரண்டு வகையையும். அந்தக் கார் வாங்குவதாக இருந்தால் டூயல் கிளட்ச்தான் அதற்குப் பொருத்தம் என்று இப்போது தெரிகிறது. அவ்வளவு டார்க்கை அறாமல் தரையில் இறக்குவதற்கு அதுதான் சரியான பெட்டி. மஞ்சள்கோடு முதலிலேயே சொன்னார். என் பாதைக்கு வேண்டியது லேசான வண்டியும் குறுகிய கியரும். அப்படிப்பட்ட ஒன்றை, கொஞ்சம் பழசு, நேற்று எடுத்துவந்தேன்.

சுற்றுநேரம், உங்கள் கதையை மறக்கவில்லை. மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது லிவரை இறுகப் பிடிக்காமல், உள்ளங்கையைத் திறந்து வைத்து நேராக இழுக்கப் பழகுகிறேன். ஸ்பிரிங்கே அதை நடுவில் நிறுத்திவிடுகிறது.

எண்ணெய்க்கையிடம் ஒரு கேள்வி. காலையில் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு இரண்டாம் கியர் விழும்போது லேசாக உரசுகிறது. சூடான பிறகு சரியாகிவிடுகிறது. பயப்பட வேண்டுமா?

#16 சுற்றுநேரம்

திறந்த உள்ளங்கை, அதேதான். எனக்கு அதை யாராவது முன்பே சொல்லித் தந்திருக்கலாம். வாழ்த்துகள்.

#17 எண்ணெய்க்கை

பயம் வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். சிங்க்ரோ என்பது ஒரு கூம்பு வளையம், கியரின் வேகத்தையும் ஷாஃப்ட்டின் வேகத்தையும் உரசிச் சமப்படுத்திய பிறகுதான் பற்களைக் கோக்கவிடும். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது அந்த உரசல் சரியாகப் பிடிக்காது. இரண்டாம் கியர்தான் அதிகம் அடிபடுவது, அதனால் முதலில் அதுதான் தேயும்.

முதலில் பெட்டி எண்ணெயை மாற்றுங்கள், எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத வண்டி. கையேட்டில் எழுதியிருக்கும் தரத்தையே ஊற்றுங்கள். ஜிஎல்-4 என்று இருந்தால் ஜிஎல்-5 வேண்டாம், அதில் உள்ள சில சேர்மானங்கள் பித்தளை வளையத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வடிக்கும் எண்ணெயை ஒரு காந்தத்தால் துழாவிப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை இருந்தால் சாதாரணம். துண்டு துண்டாக வந்தால் வண்டியை ஓட்டாமல் எழுதுங்கள்.

அதுவரை காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டு முறை கிளட்ச் மிதித்து மாற்றுங்கள். மிதி, நியூட்ரல், விடு, மறுபடி மிதி, இரண்டாம் கியர். ஏற்றும்போது ரெவ் தானாக இறங்கக் காத்திருந்தால் போதும். இறக்கும்போது நடுவில் கிளட்ச் விட்ட நிலையில் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டுங்கள். லிவரைத் தள்ளாதீர்கள், விரலால் அழுத்தம் மட்டும் கொடுங்கள், வேகம் சேர்ந்ததும் தானாக உள்ளே போகும்.

#18 இரண்டாம்கியர்

இன்று காலை செய்து பார்த்தேன். நான்காவது முறையில் சத்தமே இல்லாமல் விழுந்தது. எண்ணெய் சனிக்கிழமை மாற்றுகிறேன், காந்தத்தில் வந்ததைப் படம் எடுத்துப் போடுகிறேன்.